கொட்டகையில் ஒரு கோப்ரா



இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய கார்களைக் கூட்டமாக நிறுத்திவைக்கும் திடல்களில் ஒருவகை மனிதரைப் பார்க்கலாம். ஏசி கோப்ரா ஒன்று உறுமிக்கொண்டு வந்து நிற்கும். பிள்ளைகள் ஏறி உட்காரத் துடிப்பார்கள், பெரியவர்கள் படம் எடுப்பார்கள். இவர் மட்டும் புல்தரையில் ஒருக்களித்துப் படுத்து, டார்ச் அடித்து, எஞ்சினும் கியர்பாக்ஸ் கூடும் சேருமிடத்தில் எத்தனை போல்ட் என்று பார்ப்பார். ஐந்து என்றால் எழுந்து வந்து சொந்தக்காரருக்குக் கை கொடுப்பார். ஆறு என்றால் சட்டையைத் தட்டிக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விடுவார். இன்றைக்கு நான் பேசப்போவது இவரைப் பற்றியும், இவருக்குப் பயந்துகொண்டே தம் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவர்களைப் பற்றியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று தெருவில் ஓடும் கோப்ராக்களில் மிகப் பெரும்பாலானவை பின்னால் வந்தவர்கள் செய்த நகல்கள். அசல் 1962-இலிருந்து 1967 வரை ஏறத்தாழ ஆயிரம்தான் வெளிவந்தன. முதல் கார் 2016-இல் கலிபோர்னியாவின் மான்டரேயில் ஏலத்துக்கு வந்து 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த விலைக்கு நிற்கிற பொருளை ஆசைப்பட்டவரெல்லாம் வாங்க முடியாது, அதனால் செய்துகொள்கிறார்கள். கண்ணாடி இழையில் வார்த்த பாடியை வாங்கி, உள்ளே அண்மைக்கால ஃபோர்டு மஸ்டாங் காரின் உறுப்புகளைப் பூட்டி ஓட்டுகிறவர்கள் ஒரு சாரார். மாசசூசெட்ஸில் ஃபேக்டரி ஃபைவ் என்ற கம்பெனி 1995 முதல் அதற்கான பெட்டிகளை விற்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல கார், நன்றாக ஓடும். நான் சொல்லவந்தது மற்றொரு சாராரை. 1964-ஆம் ஆண்டு கோப்ரா கட்டுகிறோம் என்றால் அந்த ஆண்டில் ஒரு பட்டறையில் கிடைத்திருக்கக்கூடிய பொருளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்.

யாரும் நகலைப் பார்த்து எளிதாகக் கேட்கும் கேள்வி, “இது அசல் இல்லையே?” என்பது. கோப்ரா விஷயத்தில் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. அசலே எவ்வளவு தூரம் அசல்?

1953 லண்டன் மோட்டார் ஷோவில் ஏசி கம்பெனி ஏஸ் என்ற இரண்டு இருக்கைக் காரைக் காட்டியது. கம்பெனி சர்ரே மாவட்டத்தில் தேம்ஸ் டிட்டனில் இருந்த சிறிய பட்டறை. காரின் சேசிஸ் அவர்கள் வரைந்ததல்ல. பந்தயக் கார்களைத் தனி ஆளாகக் கட்டிக்கொண்டிருந்த ஜான் டொஜீரோவுடையது. நீளவாக்கில் இரண்டு தடித்த குழாய்கள், முன்னும் பின்னும் குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் யோசனை கூப்பர் பந்தயக் கார்களிலிருந்து வந்தது. கூப்பர்காரர்கள் ஃபியட் டோபோலினோ என்ற குட்டிக் காரின் முன்பகுதியை அப்படியே அறுத்து எடுத்துப் பயன்படுத்தியவர்கள். பாடியின் வளைவுகளில் ஃபெராரி 166 பார்கெட்டாவின் சாயல் பச்சையாகத் தெரியும். எஞ்சின் மட்டும் ஏசியின் சொந்தம். ஆனால் அது 1919-இல் வடிவமைத்தது, மூச்சு வாங்கியது. எனவே 1956-இல் பிரிஸ்டல் கம்பெனியின் எஞ்சினை வைத்தார்கள். பிரிஸ்டல் எஞ்சின் எங்கிருந்து வந்தது? போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த வரைபடங்களைப் பார்த்துச் செய்த பிஎம்டபிள்யூ 328-இன் எஞ்சின் அது.

1961-இல் பிரிஸ்டல் அந்த எஞ்சினை நிறுத்தப்போகிறது என்றதும் ஏசி தவித்தது. அந்தச் செப்டம்பரில் டெக்சாஸ்காரர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கேரல் ஷெல்பி, கோழிப்பண்ணை வைத்து நொடித்தவர், பிறகு பந்தயக்காரராகி 1959-இல் ராய் சால்வடோரியுடன் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர், இதய நோயால் பந்தயத்தை விட்டவர். உங்கள் காரில் அமெரிக்க வி8 எஞ்சின் வைக்க இடம் செய்து தருவீர்களா என்று கேட்டார். ஃபோர்டு அப்போதுதான் மெல்லிய சுவர் வார்ப்பில் ஒரு சின்ன வி8 எஞ்சினைக் கொண்டுவந்திருந்தது. 1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாமல் வந்திறங்கிய முதல் சேசிஸில், டீன் மூன் என்பவரின் கலிபோர்னியப் பட்டறையில், அதைப் பொருத்தினார்கள். கையில் ஒரே ஒரு கார். பத்திரிகைக்காரர்கள் வந்து ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வேறு வண்ணம் அடித்து, நிறைய கார்கள் தயாராகிவிட்டது போல் காட்டினார் ஷெல்பி. நகல்களின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பிள்ளையார் சுழி கிடைக்காது.

கியர்பாக்ஸ் போர்க்வார்னர். டிஃபரென்ஷியல் ஜாகுவாருக்கும் செய்துகொடுத்த சாலிஸ்பரி. பிரேக் கிர்லிங். 1963-இல் ஸ்டீயரிங்கை மாற்றியபோது எம்ஜிபி காரின் ரேக்கை எடுத்துப் போட்டார்கள். ஊர்கூடித் தேர் இழுத்த கதைதான். அன்று சந்தையில் எது கையில் கிடைத்ததோ அதைக்கொண்டு, அவசரத்தில், ஆனால் நல்ல கண்ணோடு கோத்த கார் அது. ஆகவே வீட்டில் கோப்ரா கட்டுகிறவர் ஷெல்பி செய்த அதே வேலையைத்தான் செய்கிறார். ஒரு நிபந்தனை மட்டும் கூடுதல்: ஷெல்பிக்கு எல்லா உறுப்பும் கடையில் புதிதாகக் கிடைத்தன. இவர் அறுபது ஆண்டு கழித்து அதே கடைக்குப் போகவேண்டும், கடையோ மூடிவிட்டது.

பாடியையும் சேசிஸையும் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் காசு இருந்தால் போதும். குழாயை அளவெடுத்து அறுத்து, ஜிக் கட்டி, வெல்டிங் பிடிக்கத் தெரிந்தவர் சேசிஸைச் செய்துவிடலாம். அசல் பாடி அலுமினியம். இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி வளைவு கொண்டுவர வேண்டும். தேர்ந்த டிங்கரிங்காரருக்கே அது ஆண்டுக்கணக்கான பயிற்சி. அதனால் பலர் வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் உட்டா மாநிலத்துக் கிர்க்கம் கம்பெனி அலுமினியக் கோப்ராக்களைப் போலந்தின் மியெலெட்ஸ் நகரில், முன்பு மிக் போர்விமானம் செய்த தொழிற்சாலையில் தட்டச் செய்தது. பனிப்போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த விமானத் தகட்டுத் தொழிலாளர்களுக்கு அமெரிக்கப் பாம்பின் முதுகைத் தட்டும் வேலை கிடைத்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இது.

எஞ்சினுக்கு வருவோம். இங்கேதான் மனிதர்கள் பைத்தியமாகிறார்கள்.

ஃபோர்டு தன் வார்ப்பு உறுப்புகளில் எண்களைப் புடைப்பாக வார்த்துவிடும். ‘சி4ஓஇ’ என்று தொடங்கினால், ‘சி’ அறுபதுகளைக் குறிக்கும். 4 என்பது 1964. ‘ஓ’ என்றால் ஃபேர்லேன் காருக்காக வரைந்தது. ‘இ’ என்றால் எஞ்சின் பிரிவு. இது வடிவமைப்பின் எண்தான். உலோகத்தை எப்போது ஊற்றினார்கள் என்பதற்கு வேறொரு குறி உண்டு. ‘4சி12’ என்றிருந்தால் 1964, மூன்றாம் எழுத்தாகிய ‘சி’ மார்ச் மாதம், 12-ஆம் தேதி. புதிதாக இறங்குகிறவர்கள் முதல் எண்ணைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிப்பார்கள். 1964-இல் வரைந்த பிளாக்கை 1965-இல் ஊற்றியிருக்கலாம் என்பது வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகே தெரியும். ஏப்ரல் மாதத்துக் கார் ஒன்றைக் கட்டுகிறவருக்கு ஜூன் மாதம் ஊற்றிய பிளாக் உதவாது. அதே ஆண்டு ஜனவரியோ பிப்ரவரியோ என்றால் பொருந்தும். ஊற்றியதைக் கடைந்து, பூட்டி, கப்பலேற்றவும் கொஞ்சம் நாள் ஆகுமல்லவா!

இப்போது அந்த ஐந்து போல்ட். ஃபோர்டின் சின்ன வி8 எஞ்சினில் கியர்பாக்ஸ் கூடு பின்புறம் ஐந்து போல்ட்டில் நின்றது. 1965 மாடலுக்காக அதை ஆறாக்கினார்கள். ஆறு போட்டால் பிடிப்பு உறுதியாகும், அதிர்வு குறையும். பொறியாளர் என்ற முறையில் கேட்டால் ஆறுதான் சிறந்தது என்பேன். ஆனால் லீஃப் ஸ்பிரிங் கோப்ராக்களுக்குப் போன 289 கன அங்குல எஞ்சின்கள், அதாவது 4.7 லிட்டர், 271 குதிரைத்திறன் உடையவை, ஐந்து போல்ட் வகை. ஆகவே ஆறு இளைத்தது, ஐந்து உசத்தி. தரத்தில் குறைந்த உறுப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கும் சந்தை உலகத்தில் அதிகம் இல்லை.

மீட்டர்களிலும் இதே கூத்து. 1965-இல் வந்த 7 லிட்டர் எஞ்சின் கோப்ராவில் ஸ்மித்ஸ் கம்பெனியின் ஸ்பீடோமீட்டர் முள் வலமிருந்து இடமாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அப்படியே எதிர்த்திசையில் சுற்றும் மீட்டரைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதை வாங்கவும் ஆள் இருக்கிறது.

லூகாஸ் என்ற பெயரைச் சொன்னால் சென்னைக்காரர்களுக்குப் பாடி பஸ் நிறுத்தம்தான் நினைவுக்கு வரும். லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் தொடங்கியது; அதற்குத் தாய்வீடு பர்மிங்காமில் இருந்த லூகாஸ். பிரிட்டிஷ் காரில் விளக்கு, ஸ்விட்ச், ஒயர் என்று மின்சாரம் ஓடும் இடமெல்லாம் அவர்கள். விளக்கு அணைந்து நடுரோட்டில் நின்றவர்கள் அந்தக் கம்பெனிக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் கட்டினார்கள். முழுக்க நியாயமான பட்டம் என்று நான் சொல்லமாட்டேன். பாதிக் குற்றம் கார்க் கம்பெனிகள் பைசா பைசாவாக விலையைக் குறைக்கச் சொன்னதில் இருந்தது. எப்படியானாலும், முன்காலத்துக் கோப்ராக்களில் இருந்தவை லூகாஸ் சாமான்கள். அவற்றுக்கென்று ஒயர் நிற ஒழுங்கு ஒன்று உண்டு: பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவி திருப்பினால் உயிர் பெறுவது வெள்ளை, ஃபியூஸ் தாண்டிப் போவது பச்சை, முன்விளக்குக்கு நீலம், சிறு விளக்குக்குச் சிவப்பு, எர்த் கறுப்பு. இந்த ஒழுங்கில் ஒயரிங் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஆர்வக்கோளாறு ஒன்று அடிக்கடி நடக்கும். பழைய கார் என்றால் ஒயருக்குப் பருத்தி நூல் பின்னல் உறை வேண்டும் என்று தேடிப்பிடித்துப் போடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்துக்குள் பிவிசி உறை வந்துவிட்டது. 1964 காரில் நூல் உறை போட்டால் அது காரைவிட மூத்த உறுப்பு. இன்றைய மெட்ரிக் போல்ட் ஒன்று கண்ணில் பட்டால் எவ்வளவு தப்போ அவ்வளவு தப்பு இதுவும். அந்தக் காலத்து மெக்கானிக்கின் பெட்டியில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., யூனிஃபைட், மின்சாமான் திருகுக்கு பி.ஏ. என்று தனித்தனி ஸ்பேனர்கள் கிடந்தன. ஒரு போல்ட்டின் தலையைப் பார்த்தே எந்த ஆண்டு, எந்த நாடு என்று சொல்வார்கள். காலத்துக்கு ஒத்திருப்பது என்றால் பழையதாய்த் தெரிவதல்ல என்பதை விளங்கிக்கொள்ளப் பலருக்கு ஒரு கார் முழுக்கக் கட்டி முடிக்க வேண்டியிருக்கிறது.

எதைப் பழையதாக வைக்கக்கூடாது என்பதிலும் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. ரப்பர் எதுவும் பழையதாக இருக்கக்கூடாது. அறுபதாண்டு டயரில் கட்டை நன்றாகவே இருக்கும், ரப்பரோ மரமாகியிருக்கும். ஈரச் சாலையில் அது டயரே அல்ல. பிரேக் குழாய்க்கும் இதே சட்டம். பெட்ரோலும் மாறிவிட்டது. பிரிட்டனில் 2000-க்குப் பிறகு ஈயம் கலந்த பெட்ரோல் பொதுவிற்பனையில் இல்லை. ஈயம் வால்வு அமரும் இருக்கைகளைத் தேயாமல் காத்தது. அது போனதும் பழைய ஹெட்டில் கெட்டியான இருக்கை வளையங்களைக் கடைந்து இறக்க வேண்டும். 2021-இல் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கே வழக்கத்துக்கு வந்தது. பழைய ரப்பர் எரிபொருள் குழாயை எத்தனால் மென்றுவிடும், ஒழுகும், தீப்பிடிக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் இந்த மாற்றங்களை ஏற்காத தூய்மைவாதிகள் இருக்கிறார்கள். அவர்கள் காரில் நான் ஏறமாட்டேன்.

கட்டியது தெருவுக்கு வர அரசாங்கம் சம்மதிக்க வேண்டுமே! பிரிட்டனுக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. முழுக் காருக்கு விற்பனை வரி இருந்தது, உதிரிப் பெட்டியாக வாங்கினால் இல்லை. காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவனை அப்படித்தான் விற்றார். பூட்டும் வழிமுறைப் புத்தகம் கொடுத்தால் முழுக் காராகக் கணக்காகிவிடும் என்பதால், கழற்றும் வழிமுறையைக் கொடுத்து, பின்னாலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அந்த மரபில்தான் 1996-இல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் புத்தகம் எழுதி ஆயிரக்கணக்கானோரை வெல்டிங் பழக வைத்தார்.

இன்று அங்கே வீட்டில் கட்டிய கார் தனித்தேர்வு ஒன்றில் தேற வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கிறதா என்று ஆரம் அளக்கும் கருவி வைத்துப் பார்ப்பார்கள். நடந்து போகிறவர்மேல் மோதினால் கிழிக்கக்கூடாது என்பது நோக்கம். கோப்ராவின் சக்கர நடுவே காது வைத்த திருகு, கூர்மையான பம்பர், டாஷ்போர்டில் துருத்தும் ஸ்விட்ச், எல்லாமே அதில் தோற்கும். ஆகவே தேர்வன்று ரப்பர் வார் சுற்றி, மழுங்கிய திருகு மாட்டி, பரமசாதுவாகக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வீடு திரும்பியதும் என்ன நடக்கும் என்பதைத் தேர்வாளரும் அறிவார். கலிபோர்னியாவில் வேறு வழி: ஆண்டுக்கு முதல் 500 வீட்டுக் கார்களுக்கு, பாடி எந்த ஆண்டை ஒத்திருக்கிறதோ அந்த ஆண்டின் புகை விதியே போதும். நம் நாட்டில் இதை முயலாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றவே விடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இதுவரை சொன்னது உலோகம். இனிக் காகிதம்.

ஐந்து போல்ட் எஞ்சின், சரியான தேதி, சரியான ஒயர் நிறம், கையால் தட்டிய அலுமினியம் எல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகு அசலுக்கும் நகலுக்கும் மிஞ்சும் வேறுபாடு ஒரு சிறு தகட்டில் அடித்த சேசிஸ் எண்தான். கட்டியவர் தம் எண்ணை அடித்தால் அது நகல். ஷெல்பியின் எண்ணை அடித்தால் மோசடி. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனையில் பெயர் கெட்டவர்களில் ஷெல்பியும் ஒருவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், 1965-இல் முடிக்காமல் மிஞ்சிய சேசிஸ்கள் என்று சொல்லிச் சில கோப்ராக்களை அவர் விற்பனைக்கு வைத்தார். அந்தச் சேசிஸ்கள் அண்மையில் புதிதாகச் செய்தவை என்று 1993-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. அசல் காரைச் செய்தவர், அசல் பெயர், அசல் எண் வரிசை; ஆண்டு மட்டும் பொய்.

ஜாகுவார் இதை நேர்மையாகச் செய்தது. அறுபதுகளில் எடை குறைந்த ஈ-டைப் பந்தயக் கார்களுக்கு 18 எண்களை ஒதுக்கி 12 மட்டுமே கட்டியிருந்தார்கள். மிச்சம் ஆறை 2014-இல் கட்டப்போவதாக வெளிப்படையாக அறிவித்தார்கள். வாங்கியவருக்கு எந்த ஆண்டில் செய்தது என்பது தெரியும். ஆனால் அதே ஜாகுவார், ஸ்வீடனில் சி-டைப் நகல் ஒன்றைக் கட்டிய தம்பதியரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1951-இலும் 1953-இலும் லெ மான் வென்ற அந்த வடிவம் கலைப்படைப்பு, அதற்கு எங்களுக்கு உரிமை உண்டு என்பது வாதம். 2020-இல் கீழ்நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. பத்திரத்தில் ‘நகல்’ என்று எழுதிவைத்துக் கட்டுகிறவரைத் துரத்துவது பெரிய கம்பெனிக்கு அழகல்ல என்பது என் எண்ணம்.

நகல் கட்டுகிறவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது காகிதத்தைப் பற்றியதல்ல. காலத்துக்கு ஒத்த உறுப்பு எங்கிருந்தோ வர வேண்டும். ஜாகுவார் சி-டைப், டி-டைப் நகல்களுக்காக எத்தனையோ ஜாகுவார் சலூன்களின் எஞ்சினையும் ஆக்சிலையும் உருவிக்கொண்டு கூட்டைக் காயலான் கடைக்குத் தள்ளினார்கள். 271 குதிரைத்திறன் எஞ்சினுக்காக நல்ல மஸ்டாங்குகளும் ஃபேர்லேன்களும் பிளந்து கிடந்தன. அந்தச் சலூன் ஒரு குடும்பம் வாங்கி, சந்தைக்கும் பள்ளிக்கும் ஓட்டிய வண்டி. எண்ணும் தேதியும் எல்லாம் ஒத்துப்போகும் வண்டி. அதை அறுத்து, பந்தயத்தில் ஒருநாளும் ஓடாத பந்தயக் கார் ஒன்றைச் செய்வது கணக்கில் எனக்கு நஷ்டமாகவே படுகிறது. துருப்பிடித்துத் தரையோடு தரையாகிவிட்ட வண்டி என்றால் தாராளமாக எடுங்கள். சாவி போட்டால் கிளம்புகிற வண்டியை விட்டுவிடுங்கள். ஆறு போல்ட் பிளாக் வைத்துக்கொள்ளுங்கள், படுத்துப் பார்க்கிறவர் பேசாமல் போனால் போகட்டும்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டுகிறவர்கள் அந்தக் கணக்கை வீட்டிலேயே சரியாகச் சொல்வதில்லை.